பொட்டு வைக்காத டிஸ்க்

மகனே, இதை யாரிடமும் காட்டாதே. உன் சிநேகிதர்களிடம் காட்டாதே, உனக்குப் பெண்டாட்டி வந்தால் அவளிடமும் காட்டாதே, எல்லாரையும் விட முக்கியமாக உன் அப்பாவிடம் காட்டாதே. நீ இன்னும் பிறக்கவில்லை. நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். படித்தேன் என்று எழுத வேண்டுமோ என்னவோ, அது நாளைக்குத் தெரிந்துவிடும். தை மாதம் என் தாய்மாமனுக்கு என்னைக் கட்டிக் கொடுப்பதாக வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள். அப்படி நடந்தால் நீ எப்படியும் வந்து சேருவாய். நீ வளர்ந்து மீசை வைத்துக்கொண்டு என் முன்னால் நிற்கும்போது உனக்கு எதையும் சொல்லத் தெரியாதவளாக நான் ஆகியிருப்பேன். ஏரிக்கு நடுவில் இருக்கும் எங்கள் பசியாவரம் தீவில் அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் "உங்க நைனாவ கேளு" என்று சொல்லிவிட்டு இறால் உரிக்கக் குனிந்துகொள்வார்கள். அதனால் அந்த மாதிரி ஆவதற்கு முன்பே உனக்கு அம்மாவாக உட்கார்ந்து எழுதுகிறேன். மகளுக்கு எழுதவில்லை. மகளாகப் பிறந்தால் இதெல்லாம் யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடும். மகனுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா தூங்குகிறாள். விளக்குத் திரியை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி வைத்திருக்கிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். நைனா வலைக்குப் போயிருக்கிறார், விடியும்போதுதான் வருவார். மாமா பொழுது சாயும்போது தோணியை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அவர் எதற்காகப் போனார் என்பதுதான் என் பயம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீ பெரியவன் ஆகும்போது கம்ப்யூட்டர் எல்லா ஊரிலும் இருக்கலாம், நீ சிரிக்கலாம். இப்போது இந்த ஏரியைச் சுற்றி இருப்பது ஒன்றே ஒன்று. பழவேற்காட்டில் நான் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு இறால் ஏற்றுமதி செய்கிற ஒருவர் தன் ஆபீசில் பழசாகிப்போனதைக் கொடுத்தார். அதற்கு ஒரு அறை ஒதுக்கி, ஜன்னலுக்குத் திரை போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகை மாட்டினார்கள். பச்சை எழுத்து வருகிற ஒரு திரை, அதன் கீழே ஒரு பெட்டி, பெட்டியின் முகத்தில் இரண்டு வாய். அந்த வாய்களுக்கு டிரைவ் என்று பேர். வாயில் கறுப்பாக, சதுரமாக, அட்டை மாதிரி ஒரு டிஸ்க்கைச் செருகி ஒரு சின்னப் பிடியைத் திருப்பி மூட வேண்டும். மிஷினுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. தான் யார், என்ன செய்ய வேண்டும் என்பதையே ஒவ்வொரு காலையும் அந்த டிஸ்க்கில் இருந்துதான் படித்துத் தெரிந்துகொள்ளும். அதற்கு சிஸ்டம் டிஸ்க் என்று பேர். அது இல்லாவிட்டால் மிஷின் வெறும் தகரம்.

அதைச் சொல்லிக் கொடுக்க வந்தவர் கம்ப்யூட்டர் சார். அதற்கு முன் பொன்னேரியில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். சென்னையில் ஒரு குறுகிய கால வகுப்புக்குப் போய்விட்டு வந்தார், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. முதல் நாளே திரை இருட்டாகக் கிடந்தது. சார் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார், பெட்டியைக் குலுக்கினார், சென்னையில் இருந்து மெக்கானிக் வரவேண்டும் என்றார். அரை நாள் கழித்துப் பார்த்தால் திரையின் ஓரத்தில் வெளிச்சத்துக்கான குமிழ் முழுவதும் திருகிக் கிடந்தது. பியூன் மாணிக்கம் அண்ணன் துடைக்கும்போது திருகியிருக்கிறார். மகனே, இது நான் உனக்குச் சொல்லும் முதல் பாடம். ஒன்று ஓடவில்லை என்றால் அதன் வயிற்றை அறுப்பதற்கு முன்னால் வெளியே இருப்பதைப் பார். பிளக் இறுக்கமாக இருக்கிறதா, அதன் முள்ளில் பச்சை பூத்திருக்கிறதா. நம் ஊர்க் காற்றில் உப்பு, பித்தளை இரண்டு மாதத்தில் பச்சையாகிவிடும். உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் போதும், பாதி நோய் போய்விடும்.

அந்த மாதங்களில் சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண், தீவுப் பிள்ளைகளில் என்னை மட்டும் அந்த அறைக்குள் விட்டார்கள். மிஷினோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படிப்போம். ஒவ்வொரு மாதமும் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் மிஷின் நன்றாக ஓடும். பாதி மாதம் போனால் ஆரம்பத்திலேயே மக்கர் பண்ணும். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும், சார் அடிப்பார், தேதி தப்பு என்று சொல்லி மறுபடியும் கேட்கும். அடித்தால் மறுபடியும் கேட்கும். சார் அணைத்துவிட்டு வகுப்பை அனுப்பிவிடுவார்.

மாணிக்கம் அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார். "சார், இத்துக்கு அமாவாசை பௌர்ணமி எதுனா கீதா? மாசத்துல கொஞ்ச நாள் நல்லாத்தான் கீது, அப்பால முறைச்சிக்குது."

"மிஷினுக்கு ஏதுய்யா அமாவாசை?"

"எங்க ஏரிக்கே கீது சார். இத்துக்கு இருக்கக்கூடாதா?"

சார் சிரித்தார். ஆனால் அன்றைக்குத்தான் நாங்கள் புத்தகத்தில் தேடினோம். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்களாம், நாளைப் பிறகு. நாம் நாளை முதலில் எழுதுகிறோம். பன்னிரண்டாம் தேதி வரைக்கும் மிஷின் அதை மாதம் என்று எண்ணி விழுங்கிவிடும். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் அன்றில் இருந்து மறுக்கும். மாணிக்கம் அண்ணனிடம் சொன்னோம். "அப்ப நான் சொன்னது சரிதானே, தேதிக் கோளாறு" என்றார் அவர். அப்படி நாங்கள் மூன்று பேரும் சிரித்த நாட்கள் இருந்தன. இன்றைக்கு அதை நினைத்தால் வாயில் கசக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன். "பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்" என்று வந்தால் மிஷின் உன்னைத் திட்டவில்லை. நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்கிறது, அவ்வளவுதான். நீ அடித்ததைத் திரும்பப் படி. சாருக்கு டைப்ரைட்டர் பழக்கம், அதில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை இல்லை, சின்ன எல் எழுத்தைத்தான் தட்டுவார்கள். இங்கேயும் அப்படியே தட்டிவிட்டு ஃபைலைக் காணோம், ஃபைலைக் காணோம் என்று வியர்த்து நிற்பார். அப்புறம் "அபார்ட், ரீட்ரை, இக்னோர்" என்று ஒன்று வரும். விட்டுவிடு, திரும்பச் செய், கண்டுகொள்ளாதே என்று மூன்று வழி. டிரைவின் பிடியை மூட மறந்திருந்தால் மூடிவிட்டுத் திரும்பச் செய் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதை மட்டும் தொடாதே என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கண்டுகொள்ளாமல் போனால் அப்போதைக்கு ஓடுவது போல இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் பாழாகிப் போயிருக்கும்.

சார் நல்லவர். அதை மறைத்து எழுதினால் உனக்குப் புரியாது. சிஸ்டம் டிஸ்க் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிப் புது டிஸ்க் ஒன்றை என் கையில் கொடுத்தவர் அவர்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நகல் எடுத்தேன். அதன் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும், அதை மூடிவிட்டால் யாரும் தெரியாமல் கூட அதன் மேல் எழுதி அழிக்க முடியாது. மாமாவின் ரேடியோவுக்கு வாங்கிய கறுப்பு டேப்பில் ஒரு துண்டு வெட்டி வந்து ஒட்டினேன்.

மறுநாள் பூஜை. எங்கள் ஊரிலும் அன்றைக்குத் தோணிகளைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள், துடுப்புக்கு வைப்பார்கள், அரிவாள்மனைக்கு அம்மா வைப்பாள். பொட்டு வைத்த தோணி ஓடும், அதில் ஒரு கெடுதலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தாளாளரும் அவர் மனைவியும் வந்தார்கள். கம்ப்யூட்டர் அறையில் மாலை, தேங்காய், கற்பூரம். மிஷினின் நெற்றியில் சந்தனம். அதோடு முடியவில்லை. அந்த அம்மா டிஸ்க்குகளையும் கேட்டார். உறையோடு இருந்தால் ஆசீர்வாதம் சேராது என்று மாணிக்கம் அண்ணனை விட்டு எல்லாவற்றையும் உறையில் இருந்து எடுத்துப் பித்தளைத் தட்டில் பரப்பச் சொன்னார். ஒவ்வொரு டிஸ்க்கிலும் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும், உள்ளே பழுப்பாக ஃபிலிம் தெரியும். மிஷின் படிப்பது அந்த இடத்தைத்தான். விரல் படக்கூடாது என்று படம் போட்டே அச்சிட்டிருக்கும். அந்த அம்மாவுக்கு அது பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் மாதிரி தெரிந்திருக்கிறது. ஈரச் சந்தனத்தைத் தொட்டு அங்கே வைத்தார், அதன் நடுவில் குங்குமம். ஒவ்வொன்றுக்கும் அழகாக, பொறுமையாக வைத்தார்.

நான் சாரைப் பார்த்தேன். சார் தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது..." என்று நான் வாயைத் திறந்தேன். சார் என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் கொஞ்சம் அசைத்தார், பேசாதே என்று. தட்டின் ஓரத்தில் என் நகல் டிஸ்க் இருந்தது, அதற்கு இன்னும் முறை வரவில்லை. தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் அதை எடுத்து என் அட்லஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். பூஜை முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் பூஜை முடிந்த கையோடு அறையைப் பூட்டிச் சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்கள், விடுமுறை முடிந்துதான் திறப்பார்களாம். தோணி கிளம்பிவிடும் என்று துறையில் கத்துகிறார்கள். அட்லஸோடு வீட்டுக்கு வந்தேன்.

விடுமுறை முடிந்து திறந்தார்கள். சார் சிஸ்டம் டிஸ்க்கைச் செருகினார். உள்ளே மணலை அரைப்பது போலச் சத்தம். திரையில், இதில் சிஸ்டம் இல்லை அல்லது டிஸ்க் கெட்டிருக்கிறது, வேறு ஒன்றை மாற்று என்று வந்தது. அடுத்த டிஸ்க்கைப் போட்டார், அதே சத்தம். அதற்கு அடுத்தது. போடப் போட டிரைவின் வாய் ஓரத்தில் சிவப்பாக உதிர்ந்தது. சார் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் கைக்குட்டையை எடுத்து அந்தச் சிவப்பைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதனால் என்ன வரப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தாளாளர் வந்து நின்றார். "லீவு வரைக்கும் ஓடின மிஷின். பூஜை போட்டு வெச்சிட்டுப் போயிருக்கோம். யார் கை வெச்சது?"

சார் டிரைவின் பிடியைத் திருப்பி மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தப் பசியாவரத்துப் பொண்ணு லீவுக்கு முன்னால தொட்டுச்சு சார். தோணியில வர்ற பொண்ணு. ஈரக்கை. உப்பு உள்ள போயிருக்கும்னு நினைக்கிறேன்."

"நான் அன்னைக்கே சொன்னேன், மீன் கையோட யாரையும் இதுக்குள்ள விடாதேன்னு."

என் கையில் மீன் இல்லை, மகனே. காலையில் தோணியில் இருந்து இறங்கியதும் துறைக் குழாயில் கையைக் கழுவி, தாவணியில் துடைத்து, அது போதாதென்று வாசலில் நின்று காற்றில் உலர்த்திவிட்டுத்தான் எப்போதும் உள்ளே போவேன். சாருக்கு அது தெரியும். தினமும் பார்த்தவர். ஒரு பொருள் நேற்று ஓடி இன்று ஓடவில்லை என்றால் இடையில் என்ன செய்தோம் என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரும் அதைக் கேட்கவில்லை. இடையில் யார் வந்தார்கள் என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த நாள் நைனாவைக் கூட்டிப்போக மாணிக்கம் அண்ணனே தோணி ஏறி வந்தார். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அம்மாவுக்கு அவ்வளவு கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாத்துக்குத் தட்றாரு, வாயில்லையா அவருக்கு?" என்றாள். இங்கே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கரையில் இருந்தே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் வருவார்கள். தட்டுவது டவுன்காரர்கள் வழக்கம்.

நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தாளாளர் அறையில் உட்காரச் சொல்லவில்லை. நைனா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தாளாளர் பேசி முடிப்பதற்கு முன்பே, "தப்புதான் சாமி. பொம்பளப் புள்ள, தெரியாம செஞ்சிட்டா. மன்னிச்சி வுட்டுடுங்க" என்றார். என்ன தப்பு என்று அவர் கேட்கவில்லை. என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. நடு ஏரியில் காற்று எழும்பும்போது பாயை எப்போது இறக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் முன்னால் பாயை முன்கூட்டியே இறக்கிவிட்டார். திரும்பி வரும்போது தோணியில் நான் சொல்ல ஆரம்பித்தேன். "நைனா, நான் ஒண்ணும் பண்ணல. சந்தனம் பட்டுதான்..." என்றேன்.

"போதும்."

"கேளு நைனா."

"பெரிய மனுசங்க பூஜ போட்டதுல குத்தம் சொல்றியா? போதும்ன்றேன்ல."

அவ்வளவுதான். வீட்டில் அன்றைக்கே மாமாவுக்கு என்னைக் கட்டிக் கொடுக்கும் பேச்சு எழுந்தது. மாமா கெட்டவர் இல்லை. அவரைப் பற்றி உன்னிடம் மோசமாகச் சொல்லவும் எனக்கு மனசில்லை, எப்படியானாலும் உன் அப்பாவாக வரப்போகிறவர். நண்டு வலையில் அவருக்குக் கை ராசி என்று ஊரே சொல்லும். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முகத்துவாரம் வரைக்கும் போவார். அவர் தோளில் உட்கார்ந்து அவர் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகத்தோடுதான் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சொன்னார். "இன்னா கம்ப்யூட்டரம்மா, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? அந்த மிஷினு போனா போவுது. நான் உனுக்கு ஒரு மிஷினு வாங்கித் தரேன்."

அம்மா, "இன்னா மிஷினு?" என்றாள்.

"தையல் மிஷினு. இது ஈரக் கைய வெச்சாலும் ஓடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நைனா கூடச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். அதனால் நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

ஒரு வாரமாக வீட்டில்தான் இருக்கிறேன். நாளைக் காலை இறால் கொண்டுபோகும் தோணியிலேயே நைனா என்னையும் கூட்டிப்போய் டி.சி. வாங்கப் போகிறார். அதை வாங்கிவிட்டால் அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் எனக்கு வேலை இல்லை.

இன்று பகலில் சபியா வந்தாள். அவள் என் வகுப்புத்தான், பழவேற்காடு பள்ளிவாசல் தெருவில் வீடு. அவள் பெரியம்மா கருவாடு வாங்க வந்தபோது கூடவே தோணி ஏறி வந்துவிட்டாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன். அவள் வீட்டில் வெளிநாட்டில் இருந்து வந்த டேப்ரெக்கார்டர் இருக்கிறது. பாட்டு மந்தமாகக் கேட்டால் அவள் அம்மா குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் உரசும் தலையைத் துடைப்பார். துடைத்ததும் பாட்டு கணீரென்று கேட்கும். டிரைவுக்குள்ளும் அதே மாதிரி தலைதான் இருக்கிறது என்று புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். மிஷின் கெடவில்லை, மகனே. அதன் தலையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு என் நகலைப் போட்டால் ஓடும். அந்த ஸ்பிரிட்டைத்தான் சபியாவிடம் கேட்டிருந்தேன். தாவணி மடிப்பில் இருந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தாடி. குடிச்சிக் கிடிச்சி வெச்சிடாத, கல்யாணப் பொண்ணு" என்றாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "சார் என்னை வழியில நிறுத்தினாரு. அந்த நகல் டிஸ்க் உங்கிட்டதான் இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அத ஏரியில போட்டுடச் சொன்னாரு."

"ஏரியிலயா?"

"ஆமா. போட்டுட்டா அவரே தாளாளர்கிட்ட பேசி உன்ன வகுப்புல சேத்துக்க வெப்பாராம். கம்ப்யூட்டர் ரூம் மட்டும் கிடையாது. போடலன்னா, ரூம்ல இருந்து டிஸ்க்கத் திருடினதா ஆயிடும்னாரு. சொல்லும்போது அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சிடி."

அவருக்குக் கண் கலங்கியதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் எனக்கு அந்த மூன்றாவது வழியைச் சொல்லி அனுப்பியிருக்கிறார், கண்டுகொள்ளாதே என்று. நான் ஏரியில் போட்டால் படிப்பு இருக்கும், ஆனால் என் கை மீன் கை என்பது உண்மையாகிவிடும். எனக்குப் பின்னால் இந்தத் தீவில் இருந்து எந்தப் பிள்ளை அந்த வாசலில் போய் நின்றாலும் என் பேரைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். போடாவிட்டால் திருடி. ஒரே டிஸ்க், நான் தப்பு செய்யவில்லை என்பதற்கும் அதுதான் சாட்சி, நான் திருடினேன் என்பதற்கும் அதுதான் சாட்சி.

நாங்கள் பேசியதில் கடைசி வார்த்தைகள் மாமாவின் காதில் விழுந்துவிட்டன. வலை காயப்போட வந்தவர் நின்று கேட்டிருக்கிறார். சபியா போன பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"டிஸ்க்குன்னா இன்னா?"

"மிஷின்ல போடுறது மாமா."

"அத்த ஏன் அந்த ஆளு ஏரியில போடச் சொல்றான்? உனுக்கும் அவனுக்கும் நடுவுல அந்தப் பொண்ணு இன்னா தூது?"

நான் சொல்லியிருப்பேன். முதன்முதலாக ஒருவர் கேட்கிறார் என்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது, அந்த ஒரு நிமிடம் பேச முடியவில்லை. அந்த நிமிடம் அவருக்குப் பொறுக்கவில்லை. "நீ சொல்ல மாட்ட. நான் அவன்கிட்டயே கேட்டுக்கினு வரேன்" என்று தோணி தள்ளும் கழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்னைக் கேட்க வேண்டியதை இன்னொரு ஆணிடம் கேட்கப் போனார். அங்கே சார் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையால் துடைத்துப் பையில் போடத் தெரிந்தவர் எதையும் சொல்லுவார்.

மகனே, ஒன்று கேட்டுக்கொள். உன் வீட்டில் ஒரு பெண், உன் பெண்டாட்டியோ மகளோ, நான் ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்ல ஆரம்பித்தால் அவள் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இரு. அவளுக்குத் தொண்டை அடைத்தால் அது சரியாகும் வரைக்கும் நில். தகரப் பெட்டிக்கு இருக்கிற பொறுமை உனக்கு இருக்கட்டும். அது, புரியவில்லை, திரும்பச் சொல் என்றாவது கேட்கிறது. இந்த வீட்டில் என்னை யாரும் அது கூடக் கேட்கவில்லை. நீயும் அப்படி ஆகிவிட்டால் நான் உன்னைப் பெற்றதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

நான் ஏரியில் போடப் போவதில்லை. டிஸ்க் அட்லஸில்தான் இருக்கிறது, ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மாமாவின் ரேடியோவில் இருந்து தள்ளி வைத்திருக்கிறேன். ரேடியோ ஸ்பீக்கரில் காந்தம் உண்டு, டிஸ்க்கை அதன் பக்கத்தில் வைத்தால் எல்லாம் அழிந்துவிடும். நாளைக்கு டி.சி. வாங்க நைனா ஆபீஸ் வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் மாணிக்கம் அண்ணன் அறையைக் கூட்டத் திறப்பார். அவர் என்னைத் தடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மிஷின் ஓடினால் நைனாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அதன் முன்னால் நிறுத்துவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓடுகிறதா இல்லையா என்று தெரியும். அதற்கப்புறம் அவர் என்ன சொல்கிறாரோ சொல்லட்டும்.

எனக்கு முடியாமல் போனால் நீயாவது தெரிந்துகொள். முதலில் மிஷினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கு. பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி மூடியை முன்னால் இழு. தென்னை ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சை இறுக்கிச் சுற்று, ஸ்பிரிட்டில் நனை, பிழிந்துவிடு, சொட்டக் கூடாது. டிரைவுக்குள் தலை மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரே திசையில் மெல்லத் துடை, அழுத்தாதே. பஞ்சு சிவப்பாக வரும். சிவப்பு வராத வரைக்கும் புதுப் பஞ்சு மாற்றிக்கொண்டே இரு. காய விடு. அவசரப்பட்டு நல்ல டிஸ்க்கை அழுக்குத் தலையில் போட்டால் அதுவும் போய்விடும், என்னிடம் இருப்பது ஒன்றுதான். பிறகு உறையில் இருந்து எடு, திறப்பில் விரல் படாமல் பிடி, பேர் எழுதிய பக்கம் மேலே இருக்கும்படி மேல் டிரைவில் செருகு, பிடியை

தோணி ஒன்று கரையில் இடித்தது. மாமாவாக இருக்கும். ஆனால் நடை ஒருவருடையது இல்லை. அம்மா புரண்டு படுக்கிறாள். மாமா என்றால் இந்நேரம் அக்கா என்று கூப்பிட்டிருப்பார்.

கூப்பிடவில்லை. கதவைத் தட்டுகிறார்கள்